கார்த்தினி அம்மையாரின் கடிதங்களும் எழுத்துப் பணியும்

கடிதங்கள் இரு வகைப்படும். பலரும் படிக்க வேண்டும் என்னும் நோக்கத்துடன், ஒருவரை முன்னிறுத்தி எழுதப்படுவன ஒரு வகை. எழுதியவரும் பெறுபவருமே அறிதற்குரியனவாய் எழுதப்பட்டு, பின்னர்க் காலத்தின் போக்கால் உலகத்தார் கைக்கு வந்து சேர்வன மற்றொரு வகை. முன்னதில் ஆசிரியர் தம் நூலைத் தாமே அமைத்துக்கொள்கிறார். பின்னதில் நூலை அமைப்பவர் வேறொருவர். எதை வைப்பது, எதை விடுவது, எதை முன்னே நிறுத்துவது என்பனவெல்லாம் அந்த வேறொருவரின் விருப்பத்தைப் பொறுத்தவை.

ஜாவாத் தீவில் பிறந்து 25 ஆண்டுகளே வாழ்ந்த ராடன் அஜெங் கார்த்தினி அம்மையார் எழுத்துலகில் பெற்ற பெயர், இந்த இரண்டாம் வகைக் கடிதங்களால் வந்ததாகும். அவர் தம் வாழ்நாளில் நூல் ஒன்றும் வெளியிடவில்லை. அவர் பெயரைத் தாங்கிய நூல் வெளிவந்தபோது, அவர் மறைந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆதலால், கார்த்தினியின் வரலாற்றை அறிய விரும்புவோர் இரண்டு கதைகளை அறிதல் வேண்டும். ஒன்று, அக்கடிதங்களை எழுதிய பெண்ணின் கதை. மற்றொன்று, அக்கடிதங்கள் பிறர் கையில் பட்ட பாட்டின் கதை.

பிறப்பும் சூழலும்

கார்த்தினி 1879ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், நடு ஜாவாவின் வடகரையிலுள்ள ஜெப்பாரா வட்டாரத்தில், மாயோங் என்னும் ஊரில் பிறந்தார். அவர் தந்தையார் சொஸ்ரோனிங்ராட் பின்னர் ஜெப்பாராவின் புப்பாத்தியாக விளங்கினார். புப்பாத்தி என்பது பூபதி என்னும் வடசொல்லின் திரிபு. பெயர்தான் பூபதியே ஒழிய, அக்காலத்தில் நிலத்தை ஆண்டவர் ஒல்லாந்தர். அவர்களுக்குக் கீழ் வட்டார ஆட்சியை நடத்திவந்த சுதேசி உயர்குடியினரே புப்பாத்திகள்.

கார்த்தினியைப் பெற்ற தாயார் ஙாசிரா என்பவர். அவர் சமய ஆசிரியர் ஒருவரின் மகள். உயர்குடியிற் பிறந்தவர் அல்லர். புப்பாத்தியாக உயர்வதற்கு உயர்குலத்து மனைவி வேண்டும் என்பது அக்காலத்து மரபு. அதற்கேற்பத் தந்தையார் மதுராத் தீவின் அரச மரபைச் சார்ந்த மற்றொரு பெண்ணை மணந்து, அவரையே பட்டத்து மனைவியாக வைத்தார். பெற்ற தாய் அதே வீட்டில் தாழ்ந்த நிலையில் இருக்க, மற்றொருவரை முறைப்படி தாய் என்று மதித்து வாழ வேண்டிய நிலை குழந்தைகளுக்கு உண்டாயிற்று. பலதார மணத்தைக் குறித்து கார்த்தினி பின்னாளில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இந்த வீடு நிற்கிறது என்பதை மறத்தலாகாது.

ஆயினும் அவ்வீடு கல்வியை வெறுத்த வீடு அன்று. தெமாக்கின் புப்பாத்தியாக இருந்த பாட்டனார், தம் பிள்ளைகளுக்கு மேனாட்டுக் கல்வி அளித்த முதற் புப்பாத்திகளுள் ஒருவர். கார்த்தினியின் தமையனார் சொஸ்ரோகார்த்தோனோ ஒல்லாந்து சென்று பயின்று, பன்மொழிப் புலவராகப் புகழ் பெற்றார். பெண்ணாகிய கார்த்தினியும் ஜெப்பாராவில் இருந்த ஐரோப்பியத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். ஆங்கே அவர் கற்ற டச்சு மொழியே அவருடைய வாழ்க்கைக்குத் திறவுகோல் ஆயிற்று.

நான்கு சுவர்களுக்குள்

பள்ளியில் உடன் பயின்ற ஒல்லாந்துச் சிறுமி ஒருத்தி, வளர்ந்தபின் என்ன ஆகப்போகிறாய் என்று கார்த்தினியை ஒருநாள் கேட்டாள். அச்சிறுமிக்குத் தன் வருங்காலம் தெரிந்திருந்தது. கார்த்தினிக்கு விடை தெரியவில்லை. வீட்டிற்கு ஓடிவந்து அதே கேள்வியைத் தந்தையிடம் கேட்டார். தந்தை சிரித்தார், அருகிலிருந்த தமையன் ஒருவர், வேறு என்ன, ராடன் ஆயு ஆவாய் என்று விடையிறுத்தார். ராடன் ஆயு என்பது மணமான உயர்குடிப் பெண்ணுக்குரிய பட்டம். அதற்கு அப்பால் ஒரு பெண் ஆவதற்கு எதுவும் இல்லை என்பதே அவ்விடையின் பொருள். இந்நிகழ்ச்சியைக் கார்த்தினியே பின்னர்த் தம் கடிதம் ஒன்றில் விவரிக்கின்றார்.

பன்னிரண்டாம் வயது கடந்ததும் அவர் பள்ளியினின்று நிறுத்தப்பட்டார். செமாராங் நகரிலிருந்த உயர்பள்ளிக்குத் தம்மையும் அனுப்புமாறு தந்தையின் காலடியில் மன்றாடினார். தந்தை மறுத்துவிட்டார். சிறுமி கட்டிலின் அடியில் புகுந்து, யாரும் காணாதபடி அழுதாள். அதன்பின் வழக்கப்படி வீட்டுச்சிறை தொடங்கியது. ஜாவாவில் அதனைப் பிங்கித் என்பர். மணமகன் வரும் வரையில் பெண் வீட்டு மதிலுக்கு வெளியே அடி வைத்தல் கூடாது.

அந்த மதிலுக்குள் வந்து சேர்ந்தவை நூல்களே. தந்தையார் சந்தா செலுத்தி வரவழைத்த வாசிப்புப் பெட்டியில் டச்சு இதழ்களும் நூல்களும் முறைவைத்து வந்துகொண்டிருந்தன. தமையனாரும் நூல்கள் அனுப்பினார். முல்தாத்துலி என்னும் புனைபெயர் கொண்ட ஆசிரியர், ஜாவா மக்கள் அடைந்த கொடுமையை எடுத்துக்காட்டி எழுதிய ‘மாக்ஸ் ஹாவலார்’ என்னும் நாவலும், ஒல்லாந்துப் பெண்ணுரிமை இயக்கத்தாரிடையே அந்நாளில் பெரிதும் பேசப்பட்ட ‘ஹில்டா வான் சைலன்பர்க்’ என்னும் நாவலும் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. இந்தியாவின் பண்டித ரமாபாயைப் பற்றி இளமையில் செய்தித்தாளில் படித்தபோது உடல் சிலிர்த்ததாக அவர் ஒரு கடிதத்தில் குறிப்பிடுகின்றார். தன்னுரிமை வாழ்வு வெள்ளைப் பெண்களுக்கு மட்டும் உரியதன்று, பழுப்பு நிறத்துப் பெண்ணாலும் அடைய முடியும் என்னும் நம்பிக்கையை அவருக்கு அச்செய்தி கொடுத்தது. ஆசியப் பெண் ஒருத்தி மற்றோர் ஆசியப் பெண்ணை டச்சுத் தாள் வழியாகக் கண்டறிந்தாள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தங்கையர் ருக்மினியும் கார்டினாவும் பின்னர் அச்சிறைக்கு வந்து சேர்ந்தனர். இளையவர் மூத்தவர் முன் தவழ்ந்து செல்ல வேண்டும், உயர்வழக்கு மொழியிலேயே பேச வேண்டும் என்னும் விதிகளை, தம் மூவருக்கும் இடையே கார்த்தினி நீக்கிவிட்டார். சீர்திருத்தத்தை அவர் தொடங்கிய முதல் இடம் தம் சொந்த அறையே ஆகும்.

முதற் கடிதம்

ஜெப்பாராவில் ஒல்லாந்து அதிகாரியாக இருந்தவரின் மனைவி ஓவிங்க்-சூர் அம்மையார், எழுத்தாளர், பெண்ணுரிமைக் கருத்துடையவர். மூன்று சகோதரிகளுக்கும் அவர் தாய் போல விளங்கினார். ‘தெ ஹொலாந்தஸ லெலி’ என்னும் ஒல்லாந்து மகளிர் இதழுக்கு அவர் எழுதிவந்தார். 1899ஆம் ஆண்டில் கார்த்தினி அதே இதழில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஒல்லாந்தில் தமக்குக் கடிதத் தோழி ஒருத்தி வேண்டும் என்பதே அதன் செய்தி.

அதற்கு விடையளித்தவர் ஸ்டெல்லா ஸேஹாந்தெலார். அவர் ஆம்ஸ்டர்டாம் நகரில் அஞ்சல் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர், யூத குலத்தவர், சமவுடைமைக் கொள்கையர், கார்த்தினிக்கு ஐந்து ஆண்டு மூத்தவர். 1899ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் கார்த்தினி அவருக்கு முதற் கடிதம் எழுதினார். தன் காலிலே நின்று, தலை நிமிர்ந்து நடக்கும் புதுமைப் பெண் ஒருத்தியை அறிய வேண்டும் என்பது தம் நெடுநாள் ஆவல் என்னும் கருத்தோடு அக்கடிதம் தொடங்குகின்றது. தம்மைப் பட்டப் பெயர் இட்டு அழைக்க வேண்டா, வெறும் கார்த்தினி என்று அழைத்தாற் போதும் என்றும் அவர் ஸ்டெல்லாவை வேண்டினார்.

இந்த வேண்டுகோளின் ஆழத்தை மொழியாசிரியர்கள் எளிதில் உணர்வர். ஜாவா மொழியில் பேசுவோரின் தகுதிக்கும் கேட்போரின் தகுதிக்கும் ஏற்பச் சொற்களே மாறிவிடும். ஙொக்கோ என்பது கீழ்வழக்கு. கிராமா என்பது உயர்வழக்கு. உண்பது, உறங்குவது, நடப்பது ஆகிய எளிய செயல்களுக்கும் இரு வழக்கிலும் வேறு வேறு சொற்கள் உண்டு. அம்மொழியில் வாய் திறந்த உடனே ஒருவர் மேல், ஒருவர் கீழ் என்பது முடிவாகிவிடும். அந்நிய மொழியாகிய டச்சு, அத்தளையினின்று கார்த்தினிக்கு ஒரு விடுதலை தந்தது. அறிமுகமில்லாத ஒரு பெண்ணோடு சரிநிகராய் நின்று பேசும் உரிமை, கடிதத் தாளில்தான் அவருக்கு முதன்முதலாகக் கிடைத்தது.

எனினும், டச்சு மொழியின் மறுபக்கத்தையும் அவர் கண்டார். ஜாவாக்காரர் டச்சு பேசுவதை ஒல்லாந்து அதிகாரிகள் பலர் விரும்பவில்லை. தமக்குச் சமமாக அவர்கள் வந்துவிடுவார்கள் என்னும் அச்சமே காரணம். நன்கு பயின்ற ஜாவா இளைஞர் ஒருவர் மேலதிகாரியிடம் டச்சு மொழியில் பேசியதற்காகத் தொலைவிடத்திற்கு மாற்றப்பட்டதை 1900ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் அவர் ஸ்டெல்லாவுக்கு எடுத்துரைக்கின்றார். அபினி வணிகத்தால் அரசாங்கம் வருவாய் பெறுவதையும் சாடுகின்றார். பெண்ணடிமையைக் கடிந்த அதே பேனா, அடிமை நாட்டின் நிலையையும் எழுதியது. இவ்விரண்டையும் அவர் வேறு வேறாகக் கருதவில்லை.

மற்றொரு வாயில் 1900ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் திறந்தது. ஒல்லாந்துக் கிழக்கிந்தியாவின் கல்வித்துறை இயக்குநர் அபெந்தனோன், மனைவி ரோசா அம்மையாருடன் ஜெப்பாராவுக்கு வந்தார். உயர்குடிப் பெண்களுக்குப் பள்ளி அமைக்கும் திட்டம் ஒன்று அவரிடம் இருந்தது. புப்பாத்திகளிடம் கருத்துக் கேட்டபோது பெரும்பாலோர் அதனை விரும்பாமையால் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் ரோசா அம்மையாருக்கும் கார்த்தினிக்கும் இடையே உண்டான அன்பு கைவிடப்படவில்லை. ஸ்டெல்லாவுக்கு எழுதிய கடிதங்களில் கார்த்தினி வாதிடுகின்றார். ரோசாவுக்கு எழுதியவற்றில் மனம் திறந்து அழுகின்றார். ஒருவரே எழுதியவை எனினும் இருவகைக் கடிதங்களும் இரு வேறு குரலில் அமைந்தவை.

அச்சில் வந்த எழுத்து

கார்த்தினி கடிதம் எழுதிய பெண் மட்டுமல்லர். எழுத்தாளராக வாழ விரும்பியவர். ஜெப்பாராவில் வாழ்ந்த கோஜாக்கள் எனப்பட்டோரின் திருமண முறையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, 1899ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு ஆராய்ச்சி இதழ் ஒன்றில் வெளிவந்தது. கோஜாக்கள், இந்தியாவிலிருந்து குடியேறிய முஸ்லிம் வணிகரின் வழியினர். 1898இல் ஹேக் நகரில் நடைபெற்ற மகளிர் உழைப்புப் பொருட்காட்சிக்கு, சகோதரிகளின் பாத்திக் துணிகளோடு, பாத்திக் செய்யும் முறையை விளக்கும் கட்டுரை ஒன்றும் அனுப்பப்பட்டது. மெழுகு இட்டுச் சாயம் தோய்க்கும் அக்கலையைக் கார்த்தினி தம் கையாலேயே பழகியவர். அறிஞர் இருவர் பின்னர்ப் பாத்திக்கைப் பற்றி எழுதிய பெருநூலில் அக்கட்டுரை எடுத்தாளப்பட்டது.

‘தெ எக்கோ’ என்னும் இதழில் அவருடைய சித்திரங்கள் சில, ‘தீகா சௌதாரா’ என்னும் புனைபெயரில் வந்தன. உடன்பிறந்தார் மூவர் என்பது அதன் பொருள். ஜெப்பாராவின் மரச்செதுக்குக் கலைஞர்களைப் பற்றியும் அவர் எழுதினார். எழுதியதோடு நில்லாமல், பத்தேவியாவிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் அவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்து, உரிய கூலி கிடைக்கவும் வழிசெய்தார். வறுமையில் வாடிய தொழில் ஒன்று அதனால் தழைத்தது. இன்றும் ஜெப்பாரா மரச்செதுக்குக்குப் பெயர் பெற்ற ஊராகும்.

ஆயினும் சொந்தப் பெயரில் எழுதுவதற்கு அவருக்குத் தடைகள் பல இருந்தன. உயர்குடிப் பெண்ணின் பெயர் தெருவில் அடிபடுவதைக் குடும்பம் விரும்பவில்லை. மற்றொரு தடை அவர் மானவுணர்ச்சியிலிருந்து பிறந்தது. அவர் கடிதங்களை வெளியிட மகளிர் இதழ் ஆர்வம் காட்டிற்று. அந்த ஆர்வத்தின் காரணத்தைக் கார்த்தினி நன்கு அறிந்திருந்தார். காட்டில் வாழும் பெண் டச்சு எழுதினாள் என்று வேடிக்கை காட்டுவதற்குத் தம் எழுத்து பயன்படுவதை அவர் விரும்பவில்லை. எழுத்தை எழுத்துக்காக மதிக்க வேண்டும், எழுதியவள் ஜாவாப் பெண் என்பதற்காகப் புகழ வேண்டா என்பதே அவர் நிலை. பின்னால் நிகழ்ந்தவற்றை நோக்கும்போது இந்த எச்சரிக்கை மிகப் பொருளுடையது.

கைக்கு வந்து நழுவிய வாய்ப்பு

1902ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஒல்லாந்துப் பாராளுமன்றத்தின் சமவுடைமைக் கட்சி உறுப்பினர் வான் கொல் ஜெப்பாராவுக்கு வந்தார். ஒல்லாந்து சென்று ஆசிரியப் பயிற்சி பெற்று மீண்டு, பெண்களுக்குப் பள்ளி தொடங்க வேண்டும் என்னும் தம் வேட்கையைக் கார்த்தினி அவரிடம் தெரிவித்தார். அவர் அவ்வாண்டு நவம்பரில் பாராளுமன்றத்திலேயே அதனை எடுத்துரைக்க, அரசாங்கம் உதவ இசைந்தது. சிறைப்பட்டுக் கிடந்த ஜாவாப் பெண் ஒருத்தியின் கனவு, கடல் கடந்த அவையில் பேசப்பட்டது.

அடுத்த ஆண்டு ஜனவரியில் அபெந்தனோன் மீண்டும் ஜெப்பாரா வந்தார். கடற்கரையில் கார்த்தினியோடு உரையாடினார். ஒல்லாந்தில் சில ஆண்டுகள் தங்கினால் ஜாவா மக்கள் அவரை மறந்துவிடுவர். அவரை வெள்ளைக்காரியாகவே கருதித் தம் பெண்களை அனுப்பத் தயங்குவர். தந்தையாரின் உடல்நிலையும் நன்றாக இல்லை. ஆதலால் பத்தேவியாவிலேயே பயில்வது நன்று என்று அவர் அறிவுறுத்தினார். கார்த்தினி இணங்கினார். எத்தனையோ ஆண்டுகள் ஏங்கிய பயணத்தைச் சில மணி நேர உரையாடலில் கைவிட்டது ஸ்டெல்லாவுக்கு வியப்பையும் வருத்தத்தையும் தந்தது. அபெந்தனோன் கூறிய காரணங்கள் அன்பிற் பிறந்தவையா, அரசியலிற் பிறந்தவையா என்று ஆராய்ச்சியாளர் இன்றும் வாதிடுகின்றனர்.

1903ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தந்தையாரின் மாளிகையிலேயே சிறு பள்ளி ஒன்றைச் சகோதரிகள் தொடங்கினர். ஜூலையில் அரசாங்கத்தின் ஆணை வந்தது. கார்த்தினியும் ருக்மினியும் பத்தேவியாவில் பயில 4,800 கில்டர் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் அதற்குள் ரெம்பாங் புப்பாத்தி ஜோயோஅதினிங்ராட் பெண் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார். அவர் மனைவியை இழந்தவர். பிள்ளைகள் பலருக்குத் தந்தை. வேறு மனைவியரும் உடையவர். பலதார மணத்தைப் பாவம் என்று எழுதிய கை, அம்மணத்திற்கு இசைவு தர நேர்ந்தது. பள்ளிப் பணியைத் தொடர இடம் தர வேண்டும் என்பதைக் கார்த்தினி தம் நிபந்தனையாக வைத்தார், மணமகனும் இசைந்தார்.

அவ்வேளையில் அவர் எழுதிய கடிதம் ஒன்று நெஞ்சை உருக்குவது. தமக்கென ஒதுக்கிய பணத்தை, ரியாவ் பகுதியைச் சேர்ந்த சலீம் என்னும் இளைஞருக்கு அளிக்குமாறு அவர் வேண்டினார். உயர்பள்ளித் தேர்வில் முதலிடம் பெற்ற அம்மாணவர், மருத்துவம் பயிலப் பொருளின்றி நின்றார் என்பதைக் கார்த்தினி அறிந்திருந்தார். நேரிற் கண்டறியாத ஒருவருக்காகக் கார்த்தினி எழுதிய பரிந்துரை அது. சலீம் அவ்வழியில் உதவி பெற விரும்பவில்லை. தம் தகுதிக்காக அன்றி ஒருவர் பரிந்துரைக்காக வரும் உதவி வேண்டா என்பது அவர் எண்ணம். அவரே பிற்காலத்தில் சுதந்திர இந்தோனேசியாவின் வெளியுறவு அமைச்சராக விளங்கிய ஹாஜி அகுஸ் சலீம்.

1903 நவம்பரில் திருமணம் நடந்தது. ரெம்பாங்கிலும் கார்த்தினி பெண்களுக்குக் கற்பித்தார். ஜாவாவின் பழங்கதைகளையும் மரபு வரலாறுகளையும் தொகுத்து ஒரு நூல் எழுதுமாறு கணவர் ஊக்கினார் என்று கடிதத்தில் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகின்றார். அந்நூல் எழுதப்படவே இல்லை. 1904ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் ரோசாவுக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். 13ஆம் நாள் ஆண்மகவு பிறந்தது. 17ஆம் நாள் கார்த்தினி காலமானார்.

நூல் பிறந்த கதை

பணி ஓய்வு பெற்று ஒல்லாந்து திரும்பிய அபெந்தனோன், தமக்கும் தம் மனைவிக்கும் வந்த கடிதங்களோடு, ஸ்டெல்லா, ஓவிங்க்-சூர் அம்மையார், வான் கொல் குடும்பத்தார் முதலிய பிறரிடமிருந்த கடிதங்களையும் திரட்டினார். அவற்றிலிருந்து தெரிந்தெடுத்து 1911ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். இருளினின்று ஒளிக்கு என்னும் பொருளுடையது அந்நூலின் டச்சுப் பெயர். நூல் விரைவாக விற்றது. பல பதிப்புகள் கண்டது. 1913இல் ஹேக் நகரில் கார்த்தினி நிதி நிறுவப்பட்டது. அவ்வாண்டிலேயே செமாராங்கில் முதல் கார்த்தினி பள்ளி திறக்கப்பட்டது. பிற நகரங்களிலும் பள்ளிகள் எழுந்தன. தாம் வாழ்ந்தபோது கட்ட முடியாத பள்ளிகளை, அவர் எழுதிய கடிதங்கள் கட்டின.

இது அபெந்தனோன் செய்த நன்மை. இதனை மறுத்தல் நன்றியன்று. ஆனால் அவர் கடிதங்களை முழுமையாக வெளியிடவில்லை. குடும்பத்துச் செய்திகளையும், உயிரோடு இருந்தவர்களைப் பற்றிய குறிப்புகளையும், பெற்ற தாயின் நிலையைக் காட்டும் பகுதிகளையும் பெரும்பாலும் நீக்கினார். அக்குடும்பத்தார் மனம் நோகக்கூடாது என்னும் நல்லெண்ணம் அதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணமும் இருந்தது. 1901 முதல் ஒல்லாந்து அரசாங்கம் அறநெறிக் கொள்கை என்ற பெயரில், குடியேற்ற நாட்டு மக்களுக்குக் கல்வி முதலிய நன்மைகள் செய்வதாக அறிவித்திருந்தது. அக்கொள்கைக்கு நற்சான்று கூறும் சுதேசிப் பெண் ஒருத்தி தேவைப்பட்டாள். வாதிடும் கார்த்தினியைவிட, ஒளியை நாடி வணங்கி நிற்கும் கார்த்தினியே அதற்குப் பொருத்தமானவள்.

காலந்தோறும் ஒரு கார்த்தினி

அதன்பின் ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய கார்த்தினியை ஆக்கிக்கொண்டது. 1920இல் வெளிவந்த சுருக்கமான ஆங்கில மொழிபெயர்ப்பு, புப்பாத்தியின் மகளை ‘ஜாவா இளவரசி’ என்று தலைப்பிலேயே உயர்த்தியது. பட்டம் வேண்டா என்று எழுதியவருக்கு, அவருக்கு இல்லாத பட்டம் ஒன்று சூட்டப்பட்டது. 1922இல் மலாய் மொழிபெயர்ப்பு வந்தது. 1938இல் இந்தோனேசிய எழுத்தாளர் அர்மீன் பானே, கடிதங்களுட் சிலவற்றை விடுத்து, எஞ்சியவற்றை ஐந்து பகுதிகளாக வகுத்து, கார்த்தினியின் சிந்தனை படிப்படியாக வளர்ந்த முறையைக் காட்டும் வகையில் அமைத்தார்.

நாடு விடுதலை பெற்றபின், 1962இல் பிரமூத்யா அனந்த தூர், கார்த்தினியைக் குடியேற்ற ஆட்சியை எதிர்த்த சிந்தனையாளராகக் காட்டி ஒரு வரலாறு எழுதினார். பட்டமின்றி அழைக்குமாறு கார்த்தினி விடுத்த வேண்டுகோளையே அவர் தம் நூலுக்குத் தலைப்பாக்கினார். 1964இல் அதிபர் சுகார்னோ கார்த்தினியை நாட்டு வீரர் என அறிவித்தார். ஏப்ரல் 21 கார்த்தினி நாள் ஆயிற்று. பிற்காலத்தில் அந்நாள், பள்ளிச் சிறுமியர் கெபாயா உடுத்து ஊர்வலம் வரும் விழாவாகப் பெரிதும் மாறியது. அடங்கி நடக்கும் உடையை அணிந்து, அடங்க மறுத்த பெண்ணைக் கொண்டாடும் நிலை அது.

எதிர்ப்புக் குரலும் எழுந்தது. 1904ஆம் ஆண்டிலேயே பாண்டுங் நகரில் பெண்களுக்குப் பள்ளி நிறுவி நடத்தியவர் தேவி சார்த்திகா அம்மையார். செயலால் உயர்ந்தவர் பலர் இருக்க, கடிதம் எழுதியவருக்கு ஏன் இத்துணைச் சிறப்பு? ஒல்லாந்தர் உயர்த்தியதால் அன்றோ கார்த்தினி உயர்ந்தார்? இவ்வாறு அறிஞர் சிலர் வினவினர். கடிதங்கள் உண்மையில் கார்த்தினி எழுதியவைதாமா, பதிப்பித்தவரின் கைவண்ணமா என்று ஐயுற்றவரும் உண்டு. மூலம் மறைந்திருக்கும் வரையில் இவ்வையங்களுக்கு விடை கூறுதல் அரிதாயிற்று.

மூலம் கூறும் விடை

அபெந்தனோன் குடும்பத்தார் காத்துவந்த மூலக் கடிதங்கள், லெய்டன் நகரிலுள்ள ஆராய்ச்சி நிறுவனத்திற்கு வந்து சேர்ந்தன. 1987ஆம் ஆண்டில் யாக்கெட் என்னும் அறிஞர், அபெந்தனோன் இணையருக்கு எழுதப்பட்ட அக்கடிதங்களை வெட்டின்றி டச்சு மொழியில் பதிப்பித்தார். அதனைத் தொடர்ந்து இந்தோனேசிய மொழிபெயர்ப்பு வந்தது. யூஸ்ட் கோத்தே என்னும் அறிஞர் அவற்றையும் ஸ்டெல்லாவுக்கு எழுதிய கடிதங்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்து, 2014இல் கார்த்தினியின் எழுத்துகள் அனைத்தையும் ஒரே தொகுதியாக வெளியிட்டார். 2025இல் ஐக்கிய நாடுகளின் கல்வி பண்பாட்டு நிறுவனம், இந்தோனேசியாவும் நெதர்லாந்தும் சேர்ந்து முன்மொழிந்த கார்த்தினி கடிதங்களை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

மூலம் கிடைத்ததால் விளைந்த பயன் யாது? எழுதியவர் கார்த்தினிதாம் என்பது உறுதியாயிற்று. நீக்கப்பட்டிருந்த பகுதிகளிலிருந்து வீட்டின் உண்மை நிலை புலனாயிற்று. அன்புள்ள தந்தைக்கும் தம் கொள்கைக்கும் இடையே கிழிபட்ட மகள், தாழ்த்தப்பட்ட தாயைக் கண்டு நொந்த மகள், நோயாலும் மனத் தளர்ச்சியாலும் சோர்ந்து மீண்டும் எழுந்த எழுத்தாளர் ஆகிய பல உருவங்கள் வெளிப்பட்டன. அவர் ஒல்லாந்தர் செய்த பொம்மையும் அல்லர். குறையில்லாத தெய்வச் சிலையும் அல்லர். தம் காலத்தின் கட்டுகளை நன்கு அறிந்து, அவற்றுள் சிலவற்றை அறுத்து, சிலவற்றிற்குப் பணிந்து, பணிந்ததையும் மறைக்காமல் எழுதிவைத்த ஒரு பெண். 1911இல் வெளிவந்த நூலைவிட இந்தக் கார்த்தினி பெரியவர்.

சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காணும் மரபில் வந்த தமிழாசிரியர்களுக்கு இவ்வரலாறு புதிதாகத் தோன்றாது. ஒரு பதிப்பைக் கையில் எடுக்கும்போது, யார் பதிப்பித்தார், எதனை விடுத்தார், ஏன் விடுத்தார் என்று வினவுதல் புலமையின் முதற் கடமை. பழைய சுவடியில் எழுத்தை அழிப்பது செல்; புதிய கடிதத்தில் எழுத்தை அழிப்பது நல்லெண்ணம். செல் அரித்த இடம் கண்ணுக்குத் தெரியும். நல்லெண்ணம் அரித்த இடம் மூலத்தைக் காணும் வரையில் தெரிவதில்லை.

கார்த்தினிக்கு ஸ்டெல்லாவும் ரோசாவும் எழுதிய கடிதங்கள் கிடைத்தில. ஆகவே ஓர் உரையாடலின் ஒரு பாதியையே உலகம் கேட்கின்றது. அந்தப் பாதியும் முழுமையாகக் கேட்பதற்கு, அவர் மறைந்தபின் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. வளர்ந்தபின் என்ன ஆகப்போகிறாய் என்று பள்ளித் தோழி கேட்ட கேள்விக்கு, அன்று அச்சிறுமியால் விடை கூற முடியவில்லை. எழுத்தாளர் ஆனாள் என்னும் விடையை, அவள் எழுதிய தாள்களே இன்று கூறுகின்றன.